பதினாலாம் நம்பர் வீட்டுக் குழாய்

என்னை மூணு தடவை பதினாலாம் நம்பர் வீட்டுக்கு அலைய விட்டவர் எங்க அக்கா புருஷன். ஆள் போய்ச் சேர்ந்தாச்சு. எனக்கு இன்னும் ஆறலை. ஏன்னா அந்தத் தெருவில் பதிமூணோட வீடு முடிஞ்சுது. அதுக்கப்புறம் சுவர்.

நான் பிளம்பர். மாமா டிவி சீரியலுக்குக் கதை எழுதுறவர். முதல் தடவை போன் பண்ணி, "மாப்ள, ஒரு அம்மா தனியா இருக்காங்க. ரிட்டயர்டு டைப்பிஸ்ட். சமையலறைக் குழாய் சொட்டுதாம், போய்ப் பாரு" என்றார். ரெஞ்ச், வாஷர் எல்லாம் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் போனேன். பதிமூணாம் நம்பர்க்காரனிடம் விசாரித்தால், அவன் என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். போன் போட்டேன்.

"மாமா, பதினாலே இல்லையே?"

"எப்படி இருக்கும்? இப்பதானே எழுதிட்டிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு என்னை அனுப்புனீங்க?"

"தேடும்போது உனக்கு என்ன தோணுச்சு? அதைச் சொல்லு."

எனக்குத் தோணினதைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவர் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார்.

அவர் வேலை செய்கிற லட்சணம் அப்படி. கதையில் ஒரு ஆள் வருகிறான் என்றால், அவன் வீட்டில் எது ஒழுகுது, எது உடைஞ்சு கிடக்குதுன்னு தெரியாமல் பேனாவைத் திறக்க மாட்டார். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினார். ஏழாம் நம்பர் செருப்பு வாங்கி, இடது குதிகாலை மட்டும் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கரைத்தார். செருப்பு பீரோவில் அக்கா கண்ணில் பட்டது. அன்றைக்கு வீடு ரெண்டு பட்டது.

"எவ அவ?"

"டைப்பிஸ்ட்டுடி. அறுபத்திமூணு வயசு."

"வயசு வேற கேட்டு வச்சிருக்கீங்களா?"

"கேட்கலை. நான்தான் குடுத்தேன்."

அக்கா என்னிடம் வந்து அழுதாள். "தம்பி, இருக்கிறவளா இருந்தா போய் முடியைப் பிடிச்சு இழுத்துடுவேன். இல்லாதவளை என்னடா பண்றது?"

ரெண்டாவது தடவை, "இப்ப நிஜமாவே கூப்பிட்டாங்க" என்று சத்தியம் பண்ணி அனுப்பினார். சுவர்தான். மூணாவது தடவை நான் ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. புது வாஷர் வேறு எடுத்துக்கொண்டு போனேன்.

இவ்வளவு பாடுபட்டும் சீரியல் எடுபடவில்லை. தயாரிப்பாளர் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "அந்தம்மா மரக்கட்டை மாதிரி இருக்காங்க. இருபது எபிசோடா அழறாங்க. அவங்களுக்கு என்னதான் வேணும்? திங்கக்கிழமை வந்து சொல்லுங்க. இல்லன்னா வேற ரைட்டரை வச்சு, அவங்களை லாரியில அடிச்சுத் தூக்கிடுவோம்."

அந்தக் கம்பெனியில் எட்டு வருஷ வேலை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போவதைவிட லாரிதான் அவரை அரித்தது. "பாவம் மாப்ள, அவங்க ரோட்டைக் கூட பார்த்துதான் கடப்பாங்க" என்றார். திங்கக்கிழமை தைரியத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஏசி ரூம். தயாரிப்பாளர் மேஜையைத் தட்டி, "சொல்லுங்க, என்ன வேணும் அவங்களுக்கு?" என்றார். மாமா கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு நிமிஷம் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"குழாயை யாரும் சரி பண்ணிடக் கூடாது சார். அதான் வேணும்."

"என்னது?"

"மூணு தடவை போயிருக்கேன். கூப்பிடுவாங்க, போனா உள்ளே விட மாட்டாங்க. ஏன்? சரியாயிட்டா அப்புறம் யாரைக் கூப்பிடுறது? அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேற யாரு சார் இருக்கா?"

தயாரிப்பாளர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீங்க யாரு?"

"பிளம்பர்."

"அந்த வீட்டுக்கா?"

"ஆமா சார்."

சொன்னபோது பொய் சொல்கிறோம் என்றே எனக்குப் படவில்லை. மாமா என் தொடையைக் கிள்ளினார். கன்னிப்போய் நாலு நாள் வலித்தது.

லாரி வரவில்லை. சீரியல் இன்னும் முந்நூறு எபிசோடு ஓடியது. கதையில் ஒரு பிளம்பரும் வந்தான். ரெஞ்சைத் தலைகீழாகப் பிடிக்கிற ஒல்லிப் பயல். அதைக் கேட்டால் மாமா, "உன்னை மாதிரி ஆளைப் போட்டா எவன் நம்புவான்?" என்பார். கடைசி எபிசோடு அன்றைக்கு அக்காவே அந்தச் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். அதிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகிற நேரம், என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார் என்று குனிந்தேன்.

"மாப்ள, பதினாலாம் நம்பருக்கு ஒரு நடை போயிட்டு வந்துடு. சீரியல் முடிஞ்சதிலிருந்து அங்க யாரும் போகலை. கதவைத் தட்டு. நாளைக்கு வந்து பார்க்கிறேன்னு சொல்லு. சரி மட்டும் பண்ணிடாதே."