இரண்டு தட்டு வர்க்கி

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஜெஸிந்தாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

புருஷன் மனுவேல் இறந்த பிறகு, டீயில் தோய்த்துத் தின்னும் வர்க்கியை அவள் ஒற்றை ஆளாகச் சுட்டு விற்றாள். வியாபாரம் படுத்துக்கொண்டே போனது. இடம் மனுவேலின் தம்பி ஞானசீலன் பேரில் இருந்தது. அடுப்பை இடித்து டூரிஸ்டுகளுக்கு ரூம் கட்டத் துடித்தான் அவன்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன் அண்ணி. அதுக்குள்ள யாவாரம் ஏறலைன்னா இடிச்சுப்போடுவேன்."

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவள் இல்லை ஜெஸிந்தா. ராகி மாவில் புதுசாக ஒரு வர்க்கி போட்டாள். அதைச் சோதித்துப் பார்த்த இடம் எது தெரியுமா? ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசல்! ஒரு தட்டில் மனுவேல் பக்குவம், மறு தட்டில் ராகி. ராகியை ஒருவரும் சீண்டவில்லை. "மனுவேல் கை அப்படியே இருக்குதுங்க" என்று பழையதைத் தின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளும் அதை நம்பி ராகியை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க, துக்க ஊட்டுக்காரிகிட்ட எவனுங்க நெசம் சொல்லுவான்? உங்களத் தெரியாதவங்க தின்னு பாக்கட்டும்" என்றேன்.

ஐப்பசி மழையில், சீசன் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு தட்டையும் என் கடையில் வைத்தோம். ஒரே விலை. யார் சுட்டது என்று மூச்சு விடவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ராகியைத் தின்றுவிட்டு வீட்டுக்கும் பொட்டலம் கேட்டார்கள். மனுவேல் வர்க்கியைக் கடித்தவர்கள் "கல்லாட்டம் இருக்குது" என்று பாதியில் வைத்துப் போனார்கள். மறுவாரம் தட்டுகளை இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் அதே கதை.

மிச்சத் துண்டுகளை அவளே பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"அவரு சொல்லிக் குடுத்த மாதிரிதானுங்களே சுட்டேன்?"

பாவி, இதைச் செய்யச் சொன்னதே நான்தானே.

மறுநாளிலிருந்து அடுப்பில் ராகி மட்டும் வெந்தது. வெளியூர்க் கடைக்காரர்களும் தேடி வர, உதவிக்கு ஒரு ஆள் வைத்தாள். இடிக்கிற பேச்சையே ஞானசீலன் விட்டுவிட்டான். கிறிஸ்மஸ் அன்று வந்தவன் தட்டைக் கிளறிப் பார்த்து, "அண்ணன் வர்க்கி எங்கீங்க அண்ணி?" என்றான்.

இத்தனை நாள் அவள் வாயில் வராத வார்த்தை அப்போது வந்தது.

"உங்கண்ணன் செத்துப்போயிட்டாரு, தம்பி."