செங்கல்பட்டு எப்போ வரும்?

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. சதுரங்கப்பட்டினத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்குச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை. அந்த வருடம் தை மாதத்தில் மாயவரத்திலிருந்து அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்க வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தமான் போவதற்காக வந்தாள்.

என் தங்கை அப்போது போர்ட் பிளேரில் இருந்தாள், நிறைமாதம். அவளுக்கு இது இரண்டாவது. முதல் குழந்தை குறைப்பிரசவத்தில் தங்கவில்லை. இந்த முறை டாக்டர் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சொல்லிவிட்டதால், பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும் பேச்சே இல்லை. தாய்தான் அங்கே போக வேண்டும். விமானம் எங்கள் கைக்கு எட்டாத சமாச்சாரம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் போய்ச் சேருவதற்குள் குழந்தையே பிறந்துவிடும். போனில் தங்கை வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

துறைமுகத்துக்கு ரயிலில் போவதா, பஸ்ஸில் போவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், பீச் ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் துறைமுகம் என்பது என் கணவரின் கட்சி. ரயில் தண்டவாளத்தில் மாடு படுத்துக் கிடக்காது என்பார். அம்மாவுக்கு முட்டிவலி, மேம்பாலப் படி ஏற முடியாது, பெட்டியோடு ஆபீஸ் கூட்டத்தில் நசுங்க வேண்டும், கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் பாரிமுனையில் இறங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எதில் வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள், நாள் பார்த்துக் கூட்டிப் போங்கள் என்றாள். கடைசியில் ரயில்தான் ஜெயித்தது.

நாள் பார்த்ததில்தான் வந்தது வினை. கப்பல் கிளம்பும் நாள் அம்மாவுக்குச் சந்திராஷ்டமம். கப்பல் யார் நட்சத்திரத்துக்காகவும் நிற்கப் போவதில்லை. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் என்பார்கள். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், போகிற திசையில் யார் வீட்டிலாவது நம் பை ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை புறப்பட்டுவிட்டால் நாமும் அன்றைக்கே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. போகும்போது வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மட்டும் திருப்பிக் கொண்டுவரக் கூடாது.

என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஏன் இப்படி நாளையும் நேரத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா தவறிய பிறகு எந்த நல்ல காரியத்திலும் அம்மா முன்னால் வந்தது இல்லை. தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்கூட அடுப்படியில்தான் நின்றாள். போகச் சொல்லி யாரும் விரட்டவில்லை, அவளாகவே போய் நின்றுகொண்டாள். தங்கையின் முதல் வளைகாப்பின்போது நான்தான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து வளையல் போட வைத்தேன். அடுத்த மாதமே குறைப்பிரசவம். அம்மா அதைத் தன் கைமேல் போட்டுக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து தன் ராசி மகளைத் தொட்டுவிடக் கூடாது என்று ஒரே பயம். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரமாகவும் வரும், அழுகையாகவும் வரும்.

அதனால் நானே அலுவலகம் போகும்போது அம்மா முடிந்து கொடுத்த மஞ்சப்பையை எடுத்துப் போனேன். செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கி, அங்கே விட்டிருக்கும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் அலுவலகம் போவேன். ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பின்னாலேயே வீடு. சைக்கிளைக் கோணலாக விட்டால் பெரிய அதிகாரியையும் சத்தம் போடுவார். எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பையை நீட்டியதும், "இது இன்னா, சாமான் வைக்கிற எடமா?" என்றுதான் ஆரம்பித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தங்கையின் பிரசவம், அம்மா, கப்பல், மறுநாள் காலை எந்த ரயிலுக்கு வருவோம் என்று எல்லாவற்றையும் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. பையை வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரும்மா. நல்ல காரியத்துப் பைய நான் கையால வாங்கலாமா?"

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அவர் கையில் பையைத் திணித்தேன். அவர் அதை ஸ்டாண்டில் வைக்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய், சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வைத்ததை வாசலிலிருந்தே பார்த்தேன். யார் வீட்டில் வைத்தாய் என்று அம்மா கேட்டபோது, தெரிந்தவர்கள் வீடு என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பெட்டி, படுக்கையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். செங்கல்பட்டு பஸ் வந்த பாடில்லை. கணவர் சாலையின் கோடியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பஸ் காலியாக வந்து எங்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் பாரிமுனை, பாரிமுனை என்று கூவினார். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் அம்மா முட்டிவலியையும் மறந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கணவர் என் காதருகில், பையில் மஞ்சளும் ஒரு புடவையும்தானே இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம், அத்தையிடம் இப்போது சொல்லிக் கலவரப்படுத்தாதே என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பஸ்தான் ஜெயித்தது என்ற அற்ப சந்தோஷம் வேறு.

மாமல்லபுரம் தாண்டியது. அப்போது அந்தச் சாலை இன்றைக்கு இருப்பதுபோல அகலம் இல்லை. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. அம்மா நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். திருவிடந்தைப் பெருமாள் கோயில் இந்தப் பக்கம் என்று கணவர் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"செங்கல்பட்டு எப்போ வரும்? பையை எடுத்துக்கணுமே."

மாயவரத்திலிருந்து வந்தபோது செங்கல்பட்டில் இறங்கிய அம்மாவுக்கு, சென்னை போகிற எந்த வண்டியும் செங்கல்பட்டைத் தொட்டுத்தான் போகும் என்ற நினைப்பு. நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பையை அப்புறம் தபாலில்கூட அனுப்பலாம் என்றேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கப்பல் டிக்கெட் அதுலதான்டி இருக்கு."

பேருக்கு ஒரு துணியை முடிந்து வைத்தால் அது சாமியை ஏமாற்றுவது ஆகாதா, எது இல்லாமல் பயணமே நடக்காதோ அதை வைத்தால்தானே உண்மையாகப் புறப்பட்டதாக அர்த்தம் என்று யோசித்திருக்கிறாள். கணவர் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த டிக்கெட்டை மஞ்சளோடு சேர்த்து முடிந்துவிட்டாள்.

கோவளத்தில் பஸ் நின்றதும் கணவர் குதித்து இறங்கினார். கேளம்பாக்கம் போய், வண்டலூர் போய், செங்கல்பட்டைப் பிடித்துப் பையை எடுத்துக்கொண்டு ரயிலில் வந்துவிடுகிறேன், நீங்கள் துறைமுக வாசலில் இருங்கள் என்றார். கைபேசி எல்லாம் எங்கள் கைக்கு வராத காலம். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நேரம் பத்தாது.

துறைமுக வாசலில் ஒரே கூட்டம். டிரங்குப் பெட்டிகளும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் டிக்கெட் இல்லாமல் எப்படியம்மா விட முடியும் என்று கேட்டுவிட்டார். கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. அம்மா பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் ராசிடி, கடல் தாண்டிப் போய்க்கூட என் ராசி அவளைத் தொடக் கூடாதுன்னு அந்த ஆண்டவனே தடுத்துட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்ட பிறகு டிக்கெட்டைவிட அம்மாதான் எனக்குப் பெரிய கவலையாகிவிட்டாள். இப்படியே ஊருக்குத் திரும்பினால் இனி எந்தப் பேரப்பிள்ளையையும் இவள் கையால் தொட மாட்டாள்.

வாசலில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம் இருந்தார்கள். அப்போது ஒரு போர்ட்டர் வந்து மஞ்சப்பையை என்னிடம் நீட்டினார். அந்தம்மா குடுக்கச் சொன்னாங்க என்றார்.

முடிச்சை அவிழ்த்தால் மஞ்சள், புடவை, மடித்தபடியே டிக்கெட். போர்ட்டர் காட்டிய திசையில் பார்த்தேன். எட்டத்தில், துறைமுகச் சுவரை ஒட்டி, லாரிகளின் மறைவில் சைக்கிள் ஸ்டாண்டுப் பெண்மணி நின்றிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட் உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் வந்தீர்களா என்று கேட்டேன்.

"இன்னா டிக்கெட்டு? நான் பிரிச்சே பாக்கலியேம்மா. நீ சொன்ன வண்டியும் பூட்ச்சி, அடுத்த வண்டியும் பூட்ச்சி. சரி, பஸ்ஸுல போய்ட்டாங்க போலன்னு நெனச்சேன். ஆளு போய்ட்டு பை மட்டும் என் வூட்ல கெடந்தா, பொறப்பட்டது பாதில நின்ன மாதிரி ஆவாதா? புள்ளப்பேறு விசயம். அதான் ஸ்டாண்டப் பூட்டிட்டு ரயிலேறிட்டேன்."

தாம்பரத்தைத் தாண்டி அவர் வந்தது அதுதான் முதல் தடவையாம். பீச் ஸ்டேஷனில் இறங்கி, கப்பல் எங்கே கப்பல் எங்கே என்று விசாரித்தே வந்திருக்கிறார். வாங்க, அம்மாவைப் பாருங்கள் என்று இழுத்தேன். வரமாட்டேன் என்று சுவரோடு ஒண்டிக்கொண்டார். கப்பலேறப் போகிறவர் எதிரே தன் முகம் வேண்டாம் என்பதற்காகத்தான் பையைப் போர்ட்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டில்லாத அந்த நெற்றியையும் ஒண்டி நின்ற கோலத்தையும் பார்த்தவுடன் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்படி நின்றே பழக்கப்பட்டவள் அல்லவா அவள். வலிக்கிற முட்டியோடு எங்களிடம் நடந்து வந்தாள்.

"ஏன் இங்க நிக்கிறே? என் எதிர்ல வா" என்றாள் அம்மா.

"வாணாம்மா. நல்லபடியா பொறப்படுங்க. நான் அறுத்தவ."

"நானும்தான். ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துலயும் பெத்தவ அடுப்படியில நின்னா, அவங்களுக்கு நல்லதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ வரலேன்னா நான் இன்னைக்கு எங்க போயிருப்பேன்? வந்து வாசல்ல நில்லு. உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் நான் ஏறுவேன்."

அவர் அசையவில்லை. வாசலில் அதிகாரி சீக்கிரம் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அம்மா அந்தப் பெண்மணியின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். வாசலுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, தான் பத்தடி பின்னால் வந்து நின்றாள். எதிரே வரச் சொன்னாள். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, அழுதுகொண்டே நடந்து வந்தார். அம்மா அவர் மோவாயைத் தூக்கி முகத்தைப் பார்த்தாள். தன் முடிச்சிலிருந்த மஞ்சளில் பாதியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, போர்ட்டர் பெட்டியோடு முன்னே போக, உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். கப்பலு எங்கம்மா கீது என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கூரைகளுக்கு மேலே வெள்ளையாக ஒரு முனைதான் தெரிந்தது. அதைக் காட்டினேன். இவ்ளோதானா என்று ஏமாந்துபோனவர், சரி, மிச்சமெல்லாம் அடியில் இருக்கும் போல என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். என் கணவர் வியர்த்து வழிய ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூட்டிய ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார். மூன்று பேரும் ரயிலிலேயே திரும்பினோம். வழி நெடுக ரயிலின் பெருமையைக் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அம்மா போய்ச் சேர்ந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். தொப்புள்கொடி அறுத்ததும் குழந்தையைத் தன் கையில்தான் முதலில் கொடுத்தார்கள் என்று அம்மா சொன்னாள். வாங்கிக்கொண்டாயா என்று கேட்டேன். பின்னே, வாங்காம என்றாள். அந்த இரண்டு வார்த்தைகளுக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

இன்றைக்கும் நாங்கள் எங்கேயாவது கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்குவதைப் பார்த்தால் என் கால் நகருவதில்லை. அவரை வாசலுக்கு அழைத்து வந்து, முகம் பார்த்துச் சொல்லிக்கொண்ட பிறகுதான் எனக்குப் பயணம் தொடங்குகிறது.