குளிக்காமல் கேட்ட வரம்

போன வருஷம் ஆடி வெள்ளியில் அம்மனுக்கு விளக்கேற்றாதவள் நான். சொல்லவே கூசுகிறது. நம் வழிபாட்டுக் குழுவில் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் வேலை. தைப்பூசம் முடிந்த கையோடு எனக்குக் குளிர ஆரம்பித்தது. ஊரே வியர்த்து வழியும்போது நான் ஸ்வெட்டரும் காலுறையுமாக ரயிலில் உட்கார்ந்திருப்பேன். "என்னக்கா, கேமரன் மலைக்கா போறீங்க?" என்று கடைப்பெண்கள் கிண்டலடிப்பார்கள். சிரித்து வைப்பேன். சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் கம்மிப்போனது. வயசாகிறது, ஏர்கான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே டாக்டரானேன்.

குளிரைக்கூடப் பொறுத்தேன், குளியலைப் பொறுக்க முடியவில்லை. வெந்நீர் ஊற்றினாலும் துடைப்பதற்குள் பல் கிட்டிவிடும். தலைக்குக் குளிக்காமல் விளக்கைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒரு வெள்ளி விட்டேன், மறு வெள்ளியும் விட்டேன். அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளி மாலை, ரயிலிறங்கி, கோயில் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகத் துணிவில்லை. "அம்மா, முடியல." அழுதுவிட்டேன்.

பூஜை முடிந்து வெளியே வந்த ஒரு பெண் என் நெற்றியில் குங்குமம் வைக்க வந்தாள்.

"கிட்ட வராதம்மா, நான் குளிக்கல."

"அத விடுங்கக்கா." வைத்தவள் என் கையையும் பிடித்துப் பார்த்தாள். "என்ன இவ்ளோ ஜில்லுனு இருக்கீங்க? குரலும் கட்டியிருக்கு. எத்தன மாசமா இப்படி? நான் கிளினிக்ல நர்ஸ்தான். திங்கக்கிழம வாங்க லா, பிளட் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்."

போனேன். இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, எதுவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். சோதித்ததில் தைராய்டு ரொம்பவே குறைவு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயத்தைப் பாதித்திருக்கும் என்றார்.

மாத்திரை ஒரே நாளில் என்னை எழுப்பி ஓடவிடவில்லை. இன்றைக்கும் சாயந்திரமானால் அசதிதான். ஆனால் குளிக்க முடிகிறது, விளக்கேற்ற முடிகிறது. அது போதும் தாயே.

உடம்பு முடியாத சகோதரிகளே, குளிக்கவில்லை என்று தள்ளி நிற்காதீர்கள். நின்ற இடத்திலிருந்தே அவளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட கையோடு ரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். சுத்தபத்தமாகப் போன வெள்ளிகளில் நான்தான் அவளைத் தேடி உள்ளே போனேன். முடியாமல் நின்ற அன்றைக்கு அவளே வாசலுக்கு வந்தாள்.