தம்பியை இரும்புக்குள் இறக்கிய நாள்

என் தம்பி கடலட்டை பிடிக்கக் குளிக்கிறவன், சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவான். அன்று காலை மேலே வந்து, தோணியில் ஏறி, வெற்றிலை போட்டிருக்கிறான். மென்று முடிக்க முன்னமே இரண்டு காலும் செத்துப்போனது.

ஆழத்திலிருந்து சுறுக்காய் ஏறினால் வாதம் அடிக்கும். அடித்தால் ஆளைத் திரும்பவும் கடலுக்குள் இறக்குவார்கள். அதுதான் குளிக்கிறவர்களின் கைமருந்து. கூடப் போனவர்கள் அப்படிச் செய்து பார்த்தார்களாம். கீழே கால் கொஞ்சம் உணர்ந்ததாம். மேலே வந்ததும் பழையபடி. அதற்குப் பிறகுதான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குச் சொல்லியனுப்பினார்கள். அவனுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

அது துறைமுகப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி. ஆராய்ச்சியும் நடக்கிறது என்று போர்டில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் யாரையாவது வைத்துத்தானே செய்யவேண்டும்.

உள்ளே சுவர் நிறையப் படங்கள். அண்மையில் செய்த சாதனைகளாம். வாதம் அடித்து வந்தவர்கள் எழும்பி நிற்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

டாக்குத்தர் வயது குறைந்த பெண். தமிழ்தான். தம்பியை உடனே இறக்கவேண்டும், சம்மதம் வேண்டும் என்றாள். தம்பியைக் கேட்டால், அக்கா சொன்னால் சரி என்று கண்ணை மூடிக்கொண்டான்.

எங்கள் பக்கம் ஆளை இறக்குகிற இடம் இரண்டு. ஒன்று கடல். மற்றது புதைக்கிற கிடங்கு.

"எங்கை இறக்கப்போறியள்?" என்று கேட்டேன்.

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். சீனன்குடாவில் நிற்கிற எண்ணெய்த் தாங்கி குட்டி போட்டதுபோல ஒரு இரும்புத் தாங்கி படுத்துக்கிடந்தது. தடித்த கதவு. பக்கத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே இருக்கிறவன் நினைத்த நேரம் திறக்கலாமோ என்று கேட்டேன். ஏலாது என்றாள். ஒரு நேர்ஸ் கூட இருப்பா என்றாள்.

ஆளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துகிறதை இந்த ஊரில் சண்டைக் காலத்தில் நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். பயப்படாதையுங்கோ என்று கொண்டுபோனவர்கள் அப்போதும் சொன்னார்கள்.

"சுவரிலை, எழும்பி நடந்த ஆக்களைத்தான் ஒட்டியிருக்கிறியள். நடக்காத ஆக்கள் எங்கை?" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை.

"ஓராள் வாசல்லை லொத்தர்ச் சீட்டு விக்கிறார். போய்க் கேளுங்கோ. கெதியா வாங்கோ அக்கா, நேரம் போகுது."

வாசலில் கால் வழங்காத ஒருவர் சில்லுக் கதிரையில் சீட்டுகளோடு இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். யார் கேட்கச் சொன்னது என்றார். சொன்னேன்.

"என்னட்டையோ அனுப்பினவ? நல்ல விளம்பரம்தான்."

பிறகு தன் கதையைச் சொன்னார். அவரும் குளித்தவர்தான். வாதம் அடித்ததும் எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கிறார். தானாய் மாறும் என்று நினைத்தாராம்.

"பிந்தித்தான் வந்தனான். உங்கட தம்பிக்கு எப்ப அடிச்சது?"

"இண்டைக்குக் காலமை."

"அப்ப இஞ்சை நிண்டு என்னோடை என்ன கதை?"

திரும்பி ஓடினேன். கையெழுத்து வைத்தேன். நம்பி வைக்கவில்லை. எண்ணெய் பூசினவரின் காலைப் பார்த்துவிட்டு வைத்தேன்.

கதவைச் சாத்தினார்கள். நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. உள்ளே தம்பி மூக்கைப் பொத்தி ஊதினான். தண்ணீருக்குள் இறங்கும்போது செய்கிற வேலை அது. இப்போது கடலுக்கு அடியில் இருக்கிற மாதிரித்தான் இருக்கிறார், தண்ணீர் இல்லை, காற்றுத்தான் அமுக்குகிறது என்றாள் டாக்குத்தர்.

"அப்ப தோணியிலை செய்யிறதைத்தானே நீங்களும் செய்யிறியள்?"

"ஓம் அக்கா. தண்ணிக்குள்ளை கனநேரம் வைச்சிருக்க ஏலாது. கெதியா ஏத்திப்போடுவினம். நாங்கள் மெல்ல மெல்லத்தான் ஏத்துவம்."

அதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். கனநேரம் போன பிறகு அவனுடைய பெருவிரல் அசைந்தது. நேர்ஸ்தான் அசைத்தாளாக்கும் என்று அவளுடைய கையைத் தேடினேன். அவள் தள்ளி இருந்தாள். விரல் மறுபடியும் அசைந்தது.

அதற்குப் பிறகும் பலமுறை இறக்கினார்கள். கடைசியில் நடந்துதான் வெளியே வந்தான். இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

இனிக் கடலுக்குள் இறங்கவே கூடாது, அடுத்தமுறை எங்களாலும் ஏலாது என்று டாக்குத்தர் சொன்னாள். அவன் ஓம் என்றான். அவள் சொல்லி முடிக்க முன்னமே ஓம் என்றான்.

இப்போது பாலையூற்றில் என் வீட்டில் இருக்கிறான். போன கிழமை போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வளவுக்குப் போனான். திரும்பி வந்ததும், யார் என்று கேட்டேன்.

"தோணிக்காரர். கரையிலை வேலை கிடக்காம். தோணி கழுவுறது, வலை பாக்கிறது."

"நானும் வந்து பாக்கிறன்" என்றேன்.

கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். தின்றான்.

அடுத்த நாள் விடிய, அவன் ஏறின பஸ்ஸில் நானும் ஏறினேன்.