கறிச்சோற்றுக் கடையில் ஒரு சைவப் பானை

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதி எங்களுக்குத் திறந்துவிட்ட பிறகும் காப்பி கிளப்பின் முன்வாசல் திறக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற புதிது. கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று சட்டம் வந்து, நானும் அண்ணனும் முதன்முறையாக உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். வெளியே வந்து ரதவீதியில் அய்யர் நடத்திய அந்தக் கிளப்பில் இட்லி கேட்டபோது பின்பக்கம் வரச் சொன்னார்கள். அங்கே சாக்கடை ஓரமாக நின்று, இலைத் துண்டில் வைத்ததை விழுங்கிவிட்டு நகர வேண்டும். அண்ணன் வாங்கித் தின்றான். நான் தின்னவில்லை. எனக்கு அந்த வயதிலேயே கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஊருக்கு வெளியே ஒரு பருத்தி ஆலையில் வேலை பார்த்தோம். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சைப் பொதியாகக் கட்டும் ஆலை. வீடு திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில். வாரத்துக்கு ஒருமுறைதான் போய்வர முடியும். மற்ற நாட்களில் ஆலை வளவுக்குள்ளேயே ஒரு கொட்டகையில் படுத்துக்கொள்வோம். அங்கே அடுப்பு மூட்டக்கூடாது. பொதிகளை அடுக்கும் பஞ்சுக் கிட்டங்கி பக்கத்தில் இருக்கும்போது பீடி பற்றவைத்தாலே சீட்டுக் கிழிந்துவிடும். ஆகவே மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பாடு. ராஜபாளையம் போகிற சாலையில் ஒரு கறிச்சோற்றுக் கடை இருந்தது. அங்கே நீ யார், எந்தத் தெரு என்று எவனும் கேட்கமாட்டான். உட்கார்ந்தால் இலை விழும். வண்டிக்காரர்கள், ஆலைக்காரர்கள், சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது, அண்ணன் நேர்ந்துகொள்ளும் வரை.

அவனுக்கு ஒரே மகள். அப்போது ஐந்து வயது இருக்கும். ஒரு கோடையில் அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வைத்தியர் எண்ணெய் போட்டு நீவினார், பெரிய ஆஸ்பத்திரியில் உதட்டைப் பிதுக்கினார்கள். அண்ணன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தான். கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைக் குழைத்து அவள் கால்களில் பூசினான். இவள் தன் காலால் நடந்து இந்தச் சந்நிதிக்கு வருகிற நாள் வரை நான் கவிச்சி தொடமாட்டேன் என்று அம்மன் முன்னால் நின்று சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கறி என்றால் உயிரை விடுகிறவன் அவன். அவனிடம் விட்டுக்கொடுக்க வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடையில் போய் உட்கார்ந்து, "எனக்குச் சைவமா எதாவது போடும்" என்றான். பரிமாறுகிறவர் யோசிக்கவேயில்லை. கறிக்குழம்பு வாளியில் கரண்டியை மேலாக ஓட்டி, துண்டு எதுவும் வராமல் மொண்டு அவன் சோற்றில் ஊற்றப் போனார். நான் இலையின் மேல் கையை நீட்டித் தடுத்தேன்.

"ஏன் வே? துண்டே போடலியே. வெறுங்கொழம்புதான்" என்றார் அவர், நான்தான் ஏதோ புரியாதவன் என்பதுபோல.

அந்த ஊரில், எங்களைப் போன்றவர்கள் சாப்பிடுகிற கடைகளில், அதுதான் சைவம். இலையில் துண்டு விழுந்தால் கறி, விழாவிட்டால் கறி இல்லை. வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள்கூடச் சிலர் அப்படித்தான் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். அண்ணன் அன்று வெறுஞ்சோற்றில் உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டான். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. சோறு என்று போடுவதில் பாதி சோளம். அதை வெறும் உப்போடு விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று விழுங்கியவனுக்குத்தான் தெரியும். மற்ற வேளைகளில் பொரிகடலை, வாழைப்பழம், கிடைத்தால் மோர். ஆலையில் பொதி தூக்குகிற உடம்புக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு மாதத்தில் அவன் தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. கிளப்பின் பின்வாசலுக்குப் போ என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மனே உள்ளே விட்ட ஆளை அய்யர் கடை சாக்கடையில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் கறிச்சோற்றுக் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவர் உட்கார்ந்திருக்கும் பெட்டியடியில் போய் நிற்பேன். ஒரு சாம்பார், ஒரு ரசம், தனிப் பானையில், தனி அகப்பையோடு. நான் கேட்டது அவ்வளவுதான்.

"கறிக்கடையில சாம்பார் வச்சம்னா, இவனுக்கு நொடிச்சுப் போச்சுன்னுலா ஊருக்குள்ள பேசுவான்" என்றார்.

"வெள்ளிக்கிழமை இங்கன ஈ ஓட்டுதீரே, அதை மட்டும் பேசமாட்டானா?" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றது. அதுதான் அவருடைய நோகிற இடம். வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, ஆடித்தபசு நாட்கள், காவடிக்கு மாலை போட்டவர்கள் வருகிற மாதம் என்று வருடத்தில் நிறைய நாட்கள் அவர் கடை பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டிக்காரர்கள் அன்றைக்கெல்லாம் சோற்றுக்கட்டோடு வந்து மரத்தடியில் தின்றுவிட்டுப் போவார்கள். நான் அவர்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து கடைக்காரர் முன்னால் நிறுத்தினேன். சைவம் போட்டால் சாப்பிடுவோம் என்று சொல்லவைத்தேன். ஆலையில் என்னோடு வேலை பார்த்தவர்களையும் விடவில்லை. பொதி கட்டுகிறவன் வக்கீல் மாதிரி பேசுகிறானே என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். வாசல் பக்கமாக ஒரு பெஞ்சைத் தனியாகப் போட்டார். புதுப் பானை வாங்கி, கழுத்தில் காவிப் பட்டை அடித்தார். சைவச் சாப்பாடும் கிடைக்கும் என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். சமையல்காரரைக் கூப்பிட்டு என்னையே விளக்கச் சொன்னார். யுத்தத்தில் பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்த மனிதர் அவர். வாட்டசாட்டமான உடம்பு, குழந்தை மாதிரி சிரிப்பு. கரண்டி கலக்கக்கூடாது, எண்ணெய் கலக்கக்கூடாது, இந்த அடுப்புப் பக்கம் கறியே வரக்கூடாது என்று நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். அண்ணனின் நேர்த்தியைப் பற்றிச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"புள்ளைக்காகவா? நான் பாத்துக்கிடுதேன் தம்பி. அண்ணாச்சிய நான் தேத்தி விட்டுருதேன்" என்றார்.

சொன்னபடி தேற்றியும் விட்டார். அண்ணன் வாசல் பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். சாம்பார் சுமார்தான். ஆனால் ரசம் பிரமாதமாக இருந்தது. மிளகும் சீரகமும் தூக்கலாக, தொண்டையில் இறங்கும்போதே உடம்பில் தெம்பு ஏறுகிற ரசம். அண்ணன் அதை இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடிப்பான். வெள்ளிக்கிழமைகளில் பெஞ்சு போதாமல் தரையில் பாய் விரித்தார்கள். கிளப்பு ரசமெல்லாம் இதன் கிட்டே நிற்காது என்று விரதக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனுக்கு முகத்தில் சதை பிடித்தது. ஊருக்குப் போய்வந்த ஒரு திங்கட்கிழமை, மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள் என்று சொன்னான். நிற்கிறவள் நடந்துவிடுவாள் என்று நானும் நம்பினேன்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு மதியம், பரிமாறுகிறவர் வரவில்லை. அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வாங்க நானே அடுக்களைக்குள் போனேன். சமையல்காரர் ஒரு சட்டியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, எதையோ வடிகட்டிக்கொண்டிருந்தார். துணியில் எலும்புகள் தங்கியிருந்தன. கீழே இறங்கிய சாற்றை எடுத்துக் காவிப் பட்டை போட்ட பானையில் ஊற்றினார். என்னைப் பார்த்துவிட்டு மறைக்கவில்லை. சிரித்தார்.

"என்ன ஊத்துதீரு?" என்று கேட்டேன்.

"எலும்புச் சாறு. ஒரு துண்டு விழலியே, பாத்தீரா? துணியில வடிச்சுத்தான் ஊத்துதேன். பட்டாளத்து ஆஸ்பத்திரில சோந்து கெடக்கவனுக்கெல்லாம் இதத்தான் குடுப்போம். பாரும், அண்ணாச்சி ஆளே மாறிட்டாரு."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பானை வாங்கின நாளில் இருந்தே என்றார். நேர்த்திக்குப் பங்கம் வந்துவிடக்கூடாது என்று எவ்வளவு கவனமாக வடிகட்டுகிறார் என்பதை எனக்கு எடுத்துக் காட்டினார். அந்த மனிதர் முகத்தில் கள்ளம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. அதுதான் எனக்கு வெறியேற்றியது. தெரு வரைக்கும் கேட்கும்படி கத்தினேன். அவர் சட்டையைப் பிடித்தேன். கத்தியதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

வெளியே அண்ணனுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. நான் திரும்பி வந்தபோது அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்காரர் ஓடிவந்து அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கறி குடுக்கலியே அண்ணாச்சி. சாறுதான குடுத்தேன்" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

அண்ணன் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுந்து போய்த் தெப்பக்குளத்தில் கட்டிய வேட்டியோடு முழுகினான். ஈரத்தோடு கோயில் வாசல் வரை போனவன் உள்ளே போகவில்லை. "இந்த வாயோட எப்படிலே போவேன்?" என்றான். கோபுரத்துக்கு வெளியே மழையில் நின்று கும்பிட்டுவிட்டு, "முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து எந்தக் கடைச் சோறும் தொடவில்லை. திரும்பவும் பொரிகடலை, பழம், பச்சைத் தண்ணீர்.

அந்த மழையிலேயே எங்கள் கிராமத்தில் காய்ச்சல் பரவியது. மகளுக்கும் வந்தது. சுவரைப் பிடித்து நின்றவள் பாயில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். மதினி அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீரு ஒழுங்கா இருந்தீரா? சொல்லும், ஒழுங்கா இருந்தீரா?" என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை.

எனக்கு அப்போது வந்த கோபம் சமையல்காரர் மேல் இல்லை, அம்மன் மேல். அண்ணன் தெரியாமல் எலும்புச் சாறு குடித்த நாட்களில்தான் அவள் எழுந்து நின்றாள். அவன் உப்பும் கடலையுமாக உண்மையாக இருந்த நாட்களில்தான் செத்தாள். இதை அண்ணனிடம் சொன்னேன். நீ நினைக்கிற நியாயம் எதுவும் இதில் கிடையாது என்று சொன்னேன். அவன் வேறு மாதிரி பார்த்தான். அம்மன் ஏமாந்து கொடுத்துவிட்டாள், உண்மை தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டாள் என்றான்.

காரியம் முடிந்து ஆலைக்குத் திரும்பினோம். கடைக்காரர் சமையல்காரரைக் கண்டித்து எலும்புச் சாற்றை நிறுத்தியிருந்தார். வாசல் பெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ரசம் முன்போல இல்லை என்று ஒரு விரதக்காரர் குறைபட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர்களைத் தாண்டி உள்ளே போய், மற்ற பெஞ்சில் உட்கார்ந்தான்.

சமையல்காரர் ஈரக் கையோடு வெளியே வந்தார். "பானையவே மாத்தியாச்சு அண்ணாச்சி. அந்த அடுப்புப் பக்கம் கறியோட நான் போறதே இல்ல. நம்பிச் சாப்பிடலாம். வாசப் பக்கம் வாரும்" என்றார்.

"கறி போடும்" என்றான் அண்ணன்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"இனி யாருக்காக வே? போடும்."

சமையல்காரர் போட்டார். குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. அண்ணன் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். முதல் வாய் மெதுவாகப் போனது. பிறகு வேகம் கூடியது. எத்தனையோ நாள் பட்டினி கிடந்த உடம்பு. எலும்பைக் கடித்து உறிஞ்சினான், இன்னும் கேட்டான், திரும்பவும் கேட்டான். நான் என் சோற்றைத் தொடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவன் நிமிர்ந்து, நான் பார்ப்பதைப் பார்த்தான். வாய் நிறையச் சோறு இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்து தேம்பினான்.

"ருசியா இருக்குலே" என்றான்.