அரை மணி இருட்டு கேட்டு ஒரு மனு

ஒரு மனு வந்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்; முடியாவிட்டால் காரணம் சொல்லி இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். விதி அதுதான். முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் அந்த இடைக்காலப் பதில்களை எழுதியே தலை நரைத்தவன் நான். எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

நேற்று மாலை தாம்பரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. பக்கத்து அடுக்ககத்து ஜெனரேட்டர் உடனே உறுமியது. அந்த டீசல் புகை மூக்கில் ஏறியதும் கால்கள் தாமாகவே மொட்டை மாடிக்குப் போயின. பழைய பழக்கம். வானத்தில் ஒன்றுமில்லை, சுற்றுவட்டார வெளிச்சத்தின் அழுக்கைத் தவிர.

தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த வருடங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஊரே திட்டியது, நானும் கஜேந்திரனும் கொண்டாடினோம். கஜேந்திரன் பொழிச்சலூர்க்காரர். பரம்பரை நிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டவர், என்னுடையதைவிடப் பெரிய கேமரா வைத்திருந்தவர். இருட்டில் ஷட்டரை அரை மணி திறந்து வைத்தால், பழைய கட்டடங்களுக்கு மேலே நட்சத்திரங்கள் வளைகோடுகளாகப் பதியும். சாயங்காலமே போன் வரும்.

"சார், ஏழு டு ஒம்போது பல்லாவரம் கட்டு. ஸ்டாண்ட எட்துகினு வா."

"ஊரே வேர்த்துச் சாகுது, உங்களுக்கு மட்டும் தீபாவளி" என்பாள் என் மனைவி, நியூஸ் பேப்பரால் விசிறிக்கொண்டே.

குன்றத்தூர் மலைக் கோயில் முதல் முயற்சியிலேயே வாய்த்தது. வாய்க்காதது ஒன்றுதான்: பல்லாவரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கருங்கல் கட்டடம். கஜேந்திரனின் அப்பா அங்கே பியூன். வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் அதன் கதவைத் திறந்தவர். அந்தக் கோடுகளுக்கு மையமான துருவ நட்சத்திரம் நம் ஊரில் தாழ்வாகத்தான் நிற்கும். கட்டடத்துக்குத் தெற்கே கேமரா முக்காலியை வைத்தால் அந்த மையம் கூரைக்குச் சற்று மேலே வரும். வந்தது. கூடவே, பக்கத்து விமான நிலையத்திலிருந்து விமானமும் வந்தது. ஒவ்வொரு முறையும் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

"எங்கப்பன் மூஞ்சில கோடு இஸ்த மாரி கீது சார்" என்பார்.

மின்வெட்டு நின்றது. அந்த வளாகத்தில் உயர்கோபுர விளக்கு நட்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு கஜேந்திரன் என் வீட்டுக்கு வந்தார். விமானக் கோட்டைக் கணினியில் அழித்துவிடலாமாம்; கோடு விழுந்த பழைய படங்களை அப்போதே நீக்கிவிட்டிருந்தோம். இனி விளக்குதான் தடை.

"லைட்டு போட்றவன் நம்ம ஆளு சார். அரை அவர் ஆஃப் பண்ணுவான். எட்துகினு வந்துர்லாம்."

"திருட்டுத்தனமா எதுக்கு? முறையா மனு போடுவோம்" என்றேன்.

"மனுவா? பேஜாரு சார்."

போட்டேன். சர்வே எண், வரைபடம், இணைப்பு இரண்டு. யாருடைய வேலைக்கும் இடைஞ்சல் வராது என்று காட்டுவதற்காக, 'மேற்கூரை ஓரளவு சிதைந்து, தற்போது பயன்பாட்டில் இல்லாத கட்டடம்' என்றும் சேர்த்தேன். யார் கேட்டார்கள் என்னை?

முப்பது நாள் போனது. இடைக்காலப் பதிலும் இல்லை. ஐந்தாம் மாதம் ஜேசிபி வந்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகல் வாங்கினேன். என் மனுவில் அந்த ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில்: 'பொதுமக்கள் புகார். அபாயகரமான கட்டடம். இடிக்கலாம்.' விளக்கைப் பற்றிய பத்தியை ஒரு புண்ணியவானும் படிக்கவில்லை. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோப்பை முடிக்கும் இந்த வித்தையை எத்தனை இளநிலை உதவியாளர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது, யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் காகிதத்தைக் கசக்கினேன்.

கஜேந்திரனை அழைத்துப் போனேன். கருங்கல்லைக்கூட லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பறிமுதல் செய்த பைக்குகள் வரிசையாக நின்றன. அவர் கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"உன் மனு நல்லா வேல செஞ்சிது சார்" என்றார்.

பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பதில் மட்டும் வந்தது. அரை மணி நேரம் விளக்கை அணைக்க அனுமதி, கட்டடத்துக்கு எவ்விதச் சேதமும் விளைவிக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன். நிலுவைப் பட்டியலில் பூஜ்யம் காட்டியாக வேண்டிய நாளில் கையெழுத்தாகி, தபாலைக்கூட நம்பாமல் பியூன் கையில் கொடுத்தனுப்பப்பட்டு, என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது: இந்த வருடம் மார்ச் முப்பத்தொன்று, மாலை ஐந்தரை மணி.