மதகுக்கும் ஈரப்பலா மரத்துக்கும் நடுவே

2024 பெப்ரவரி 24, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பின்சுவரில் தொங்கும் வெப்பமானியில் பதினெட்டரைப் பாகை. மழைமானி காலி. செவ்வாய் மாலை பெய்த பதினொரு மில்லிமீட்டருக்குப் பிறகு குண்டசாலைப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் நாட்குறிப்பைத் திறந்து திகதியையும் இந்த விவரங்களையும் எழுதினேன். ஐந்து ஐம்பதுக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்படியில் உட்கார்ந்தேன். ஐந்து ஐம்பத்தாறுக்கு, வேலிக்கு அப்பால் சரிவில், ஆறுமணிக் குருவி கூப்பிட்டது.

காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அதற்கு அந்தப் பெயர். முதலில் ஏறி, பிறகு இறங்கும் இரண்டே சீழ்க்கை. என் குறிப்பின்படி இந்தப் பருவத்தில் அது மிகச் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிட்ட நாட்கள் இரண்டுதான். இதை மனைவியிடம் சொன்னபோது, "அதுக்கும் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் குடுத்துடுங்க, உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால், மகாவலியை நோக்கி இறங்கும் சரிவில், யாரும் வீடு கட்டாத காட்டுத்துண்டு ஒன்று இருக்கிறது. மேல் ஓரத்தில் மதகு, கீழே ஓர் ஈரப்பலா மரம், இரண்டுக்கும் நடுவே ஏழு மகோகனி மரங்கள். இந்தக் குருவி ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி இந்த ஏழு மரங்களின் அடிக்குத்தான் வருகிறது. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ திரும்பிப் போய்விடும். ஏழு வருடங்களாக வந்தது ஒரே குருவிதானா என்று எனக்குத் தெரியாது. அதனால் நாட்குறிப்பில் "அதே குருவி" என்று எழுதுவதில்லை, "குருவி" என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆறரைக்குச் சரிவில் இறங்கினேன். மார்கழிக் குளிர் முடிந்து, சித்திரை வெயில் தொடங்குவதற்கு முன்னால், இங்கே ஒரு சின்னப் பருவம் வந்து போகிறது. மூன்று நான்கு வாரம்தான். போன சனிக்கிழமை மஞ்சளாக இருந்த மகோகனி இலைகள் இப்போது செம்பு நிறத்தில் கணுக்கால் வரை கிடந்தன. மரத்தில் இலை இல்லை. காய்கள் வெடித்து, இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. மதகுப் பக்கத்து முள்முருக்கும் இலையை உதிர்த்துவிட்டு உச்சி முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. அங்கே ஒரே சந்தை இரைச்சல். மைனா, காகம், தேன்சிட்டு, இரண்டு அணில். எல்லாரும் தேனுக்கு வந்தவர்கள். கரிச்சான் மட்டும் தேனுக்கு வரவில்லை, தேனுக்கு வரும் பூச்சிக்கு வந்திருந்தது.

பிறகு அந்தக் கரிச்சான் பூவை விட்டுக் கீழே இறங்கியது. காரணம் தவிட்டுக் குருவிகள். ஒன்பது குருவிகள் வரிசையாகச் சருகைப் புரட்டிக்கொண்டு வந்தன. சருகைப் புரட்டினால் அந்துப்பூச்சி எழும்பும். எழும்பியதைத் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் பிடித்துவிடும். உழைப்பு அவற்றுடையது, சாப்பாடு இவருடையது. ஆனால் ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஒரு வல்லூறு மரங்களுக்குள் நுழைந்தபோது முதலில் கத்தியது கரிச்சான்தான். ஒன்பதும் புதருக்குள் மறைந்தன. காவலுக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். வல்லூறு வராதபோதும் அது சிலவேளை அப்படிக் கத்தி, ஓடுகிறவர்கள் விட்டுப்போன பூச்சியை எடுத்துக்கொள்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்று முறை பார்த்திருக்கிறேன். எழுதிவைக்கும் அளவுக்கு உறுதியில்லை.

கூட்டம் போனபின் ஆறுமணிக் குருவி வந்தது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, வால் என்று சொல்ல ஒரு விரல் நுனியளவு. அது தத்தித் தத்தி வந்து, மற்றவர்கள் கிளறிவிட்ட இடத்தில் ஒரு மண்புழுவை இழுத்தது. ஜனவரியில் பத்து நிமிடம் மேய்ந்துவிட்டு ஓய்வெடுத்த குருவி இப்போது நாற்பது நிமிடம் விடாமல் தின்கிறது. கடலுக்கு மேலே சாப்பாடு கிடையாது. அதற்குத் தேவையானதெல்லாம் இந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஏழு நாற்பதுக்கு, பின்படியில் விட்டிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மனைவி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவின் சிரமதானம். வீட்டுக்கு ஒருவராவது மண்வெட்டி, விளக்குமாறோடு வந்து சுற்றாடலைச் சுத்தம் செய்ய வேண்டும். தெருச் சங்கத்தின் செயலாளர் நான். அறிவித்தலை எழுதியதும் நான்தான்.

அவள் சத்தமாக வாசித்தாள். "மூன்று. மதகு தொடக்கம் ஈரப்பலா மரம் வரையுள்ள சருகு முழுவதையும் கூட்டிக் குவித்து எரித்தல்." பிறகு என்னைப் பார்த்தாள். "இது உங்க குருவி இருக்கிற எடம்தானே?"

கோப்பையைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். சிரமதானம் வழக்கமாக மே மாதத்தில் நடக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரே அறிவித்தலைத்தான் பயன்படுத்துகிறேன். பிழையில்லாமல் எழுதிவைத்த அறிவித்தல் அது, திகதியை மட்டும் மாற்றினால் போதும். மே மாதத்தில் குருவி இருக்காது. இந்த வருடம் டெங்குப் பயத்தால் பெப்ரவரிக்கு முன்தள்ளினோம். நான் திகதியை மாற்றினேன். மூன்றாம் இலக்கம் அப்படியே இருந்தது.

எட்டரைக்குச் சந்தியில் இருக்கும் இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர்தான் சங்கத் தலைவர். முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நானா, நாளைக்கு மூணாம் நம்பர் வேலைய எடுத்துடுவோம்."

"நீங்க எழுதினது, நீங்க கையெழுத்து வச்சது, சிங்களத்திலயும் நீங்களே போட்டது. இப்ப என்ன?"

"அந்தச் சருகுல ஒரு குருவி இருக்கு."

"அப்ப அதுக்கு ஒரு அறிவித்தல் குடுக்கலியா?" என்றார். கடையில் ஆணி வாங்க வந்தவரும் சிரித்தார். பிறகு நானா குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணுமில்ல செயலாளரே. கடைசி வீட்டுத் தங்கச்சியக் கேளுங்க. மே மாசத்த முன்னுக்கு இழுத்தது அவங்கதானே. அவங்க சரின்னா எனக்கும் சரி."

கடைசி வீட்டுப் பெண்ணின் ஊர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். போன ஜூலையில் அவர்களுடைய மகளுக்கு டெங்கு வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி, அதில் இரண்டு நாள் யாரும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பின்சுவருக்கும் அந்த மகோகனி மரங்களுக்கும் இடையே இருபத்திரண்டு அடி எடுத்து வைத்தால் போதும்.

நான் போனபோது அந்தப் பெண் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, ஒங்க குருவி நொளம்பு திங்குமா?"

"இல்ல. மண்புழு, எறும்பு, கறையான்."

"அப்ப அதால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

"இல்ல."

துணியைப் பிழிந்தபடியே சிரித்தார். "திங்கும்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"டெங்கு நுளம்பு தேங்குன தண்ணியிலதான் முட்ட போடும். சருகுல தண்ணி தேங்காது. சிரட்டை, யோகட் கோப்பை, பொலித்தீன், இதெல்லாம் எடுத்துட்டா போதும்."

"தேங்காதா? வாங்க, பாப்போம்."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கொடிக்கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மகோகனிச் சருகை நாலைந்து இடத்தில் புரட்டினார். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈர மண், எங்கும் தண்ணீர் இல்லை. நான் வெற்றி பெற்ற மாதிரி நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் ஈரப்பலா மரத்தடிக்குப் போய்க் குந்தினார்.

"இங்க வாங்கண்ணே."

ஈரப்பலா இலை என் முழங்கை நீளம் இருக்கும். காய்ந்தால் ஓரம் உள்ளே மடிந்து தட்டுப் போல ஆகிவிடும். அவர் காட்டிய இலையில் இரண்டு கரண்டித் தண்ணீர் இருந்தது, செவ்வாய்க்கிழமை மழை. அதற்குள் நூல் துண்டுகள் போல நுளம்புக் குடம்பிகள் துள்ளின. பக்கத்து இலையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இத ஒங்க கொப்பியில எழுதியிருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். ஏழு வருடம் அந்த மரத்தடியில் நின்றுதான் குருவி பார்த்திருக்கிறேன். இலையை ஒரு நாளும் பார்க்கவில்லை. "நீங்க சொல்றதுதான் சரி. அறிவித்தல்ல உள்ளபடியே செய்வோம். எரிச்சிடலாம்."

அவர் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். திரும்பினேன். பத்தடி தூரத்தில், மகோகனி வேருக்குப் பக்கத்தில், குருவி ஒரு இலையை அலகால் தூக்கி எறிந்துவிட்டு அடியில் தேடிக்கொண்டிருந்தது.

"இதுவா? இத்துனூண்டு வால வச்சிக்கிட்டா கடல தாண்டுது?"

"ஆமா."

"எப்ப போகும்?"

"போன வருஷம் ஏப்ரல் மூணு. அதுக்கு முந்தின வருஷம் மார்ச் இருபத்தெட்டு."

அவர் கம்பால் மகோகனிச் சருகை இன்னும் ஒருமுறை கிளறினார். "இந்தச் சின்ன எலையில தண்ணி நிக்காது. அத நானே பாத்துட்டேன். பிரச்சின அந்தப் பெரிய எலதான். அத மட்டும் பொறுக்கலாம். ஆனா நாளைக்கு ஒரு நாள் பொறுக்கினா பத்தாதுண்ணே. அது தெனமும் விழும்."

"தெனமும் நான் வந்து பொறுக்குறேன்."

"அந்தக் குருவி போனதுக்கப்புறம்?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "அப்புறமும்."

"கொப்பியில எழுதிட்டா ஒங்கள யாராலயும் நிறுத்த முடியாதுன்னு ஒங்க வீட்டு அக்கா சொல்லியிருக்காங்க. எழுதுங்க. நான் பாக்கணும்."

சட்டைப்பையில் இருந்த சிறு கொப்பியில், அங்கேயே நின்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். "‘காலையில்’னு போடுங்க. ‘தினமும்’னா சாயங்காலம் வரைக்கும் இழுத்தடிப்பீங்க." அதையும் சேர்த்தேன்.

பகல் முழுவதும் அறிவித்தலைத் திருத்தும் வேலை. மூன்றாம் இலக்கம் புதிதாக இப்படி அமைந்தது: மகோகனிச் சருகைக் கூட்டவோ எரிக்கவோ வேண்டாம்; ஈரப்பலா இலைகள், சிரட்டைகள், கோப்பைகள் அனைத்தையும் கையால் பொறுக்குதல். சிங்களத்திலும் எழுதினேன். பசையோடு தெருவில் ஏறி இறங்கி நான்கு மின்கம்பங்களிலும் பழையதன் மேல் ஒட்டினேன். கடை வாசலில் நின்று பார்த்த நானா, "வெட்டிப் போட்டு மேல எழுதியிருக்கலாமே, செயலாளரே?" என்று கேட்டார். அடித்தல் திருத்தத்தோடு ஓர் அறிவித்தல் வெளியே போவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. அதை அவரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். இலையில் குடம்பி இருந்த இடம் வந்ததும் அவள் ரொட்டியைப் புரட்டுவதை நிறுத்திவிட்டாள். "ஏழு வருஷமா?" என்றாள். ஒன்பதுக்குப் படுத்தேன்.

சிரமதானம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. நான் ஆறே காலுக்குச் சாக்கோடு இறங்கியபோது கடைசி வீட்டுப் பெண்ணும் கணவரும் ஈரப்பலா மரத்தடியில் ஏற்கெனவே நின்றார்கள். கணவர் ஓட்டோவில் போடும் பழைய விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் குனிந்து முதல் இலையைத் தூக்கிச் சாக்குக்குள் போடப்போனேன்.

"தண்ணியோட போடாதீங்கண்ணே. கவுத்துட்டுப் போடுங்க."

கவிழ்த்தேன். மண் அந்த இரண்டு கரண்டித் தண்ணீரையும் உடனே உறிஞ்சியது. பிறகு இலையைச் சாக்கில் போட்டேன்.